ஷேக்குக்குக் கண்ணாடி மாட்டியவள்

ஜூன் 3, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. யாரிடம் கேட்பதென்று தெரியாததால் இந்தத் தாள்களிடமே கேட்டுவிடுகிறேன். எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. பிறர் எழுதியதில் பிழை பார்ப்பவள் நான். ஆனால் நூற்று இருபத்தெட்டு வெள்ளைப் பக்கங்களை ஒருவர் கையில் கொடுத்துவிட்ட பிறகு சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை.

இது டம்மி. எங்கள் அச்சகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பைண்டிங் மெஷினைச் சோதிக்க, அச்சடிக்காத தாளை வைத்து ஒட்டிப் பார்த்த புத்தகம். அட்டை மட்டும் நிஜம். போன மாத நாவலின் அட்டை: குதிரைமேல் ஒரு ஷேக், அவர் கையில் மயங்கிச் சாய்ந்த ஒரு பெண், பின்னால் வானம்வரை மணல்.

மெஷினைப் பொருத்த வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். முதல் டம்மியை வெட்டி எடுத்தவர், யாரிடம் கொடுப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்தார். தூணோடு தூணாக நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"முதல் புத்தகம். உள்ளே கதை இல்லை. மன்னித்துவிடு, பெண்ணே!"

பெண்ணே! தாள் மடிக்கும் பைண்டிங் அக்கா மதியம்வரை சிரித்தாள். "பெண்ணே, அந்தக் கத்தரியை எடு பெண்ணே. பெண்ணே, ஃபேனைப் போடு பெண்ணே."

நான் இன்னும் நன்றிகூடச் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

எங்கள் எல்லோருக்கும் சோறு போடுவது மாதம் ஒரு ஷேக் நாவல். எழுதுபவர் முதலாளியின் மாமியார். முதலாளிக்கு அத்தை, எங்களுக்கு அத்தையம்மா. அவர் எழுதுவதில்லை, சொல்கிறார். ஃபோனில் குரலாக வரும். நான் கேட்டு, தட்டச்சு செய்து, பிழை பார்த்து, பக்கம் கட்டவேண்டும்.

இன்று வந்தது: "ஷேக் அவளைத் தன் வலிய கரங்களில் — ஏய், அந்த அடுப்பைக் கொறைடி — ஏந்தினான்."

ஒரு மாதம் கண் அசந்து அடுப்பையும் சேர்த்து அடித்துவிட்டேன். அச்சாகியும் விட்டது. வாசகர்கள் யாரும் கேட்கவில்லை.

வாசகர்களில் முதல் ஆள் என் அம்மா. தையல் கடைக்காக வீட்டில் உட்கார்ந்து யூனிஃபார்ம் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் மாலையில் நான் வாசிக்க வேண்டும், அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். ஆனால் புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தை மட்டும் தானே கூட்டிப் படித்துவிடுவாள். "கடைசில சேந்துட்டாங்க. சரி, இப்ப முதல்லேர்ந்து படி." சேரவில்லையென்றால் அந்தப் புத்தகம் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. நிறுத்திய இடத்தில் நீல நூல் துண்டு ஒன்றை அடையாளம் வைப்பாள்.

அப்பா ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். 'எத்தனாவது மாடி?' என்று நாள் முழுக்கக் கேட்பதிலேயே அன்றைய பேச்சு தீர்ந்துவிடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறார். அங்கே யார் எந்த மாடிக்குப் போனாலும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்தப் போட்டோவில் நான் சிரிக்கக்கூட இல்லை.

இந்த டம்மியை வீட்டு நாவல் அடுக்கிலேயே சொருகி வைத்திருக்கிறேன். ஷேக்குகள் நடுவில் இன்னொரு ஷேக். யார் பார்க்கப்போகிறார்கள்?

ஜூன் 8, சனி

மெஷின்காரருக்குத் தமிழ் எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. வேறோர் ஊரில் தமிழ் ஆட்களோடு மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறார். அதில் எண்களும் வசவுகளும் வந்தன. எழுத்து தானே கற்றுக்கொண்டார். மீதிக்கு எங்கள் முதலாளி பழைய நாவல்கள் பன்னிரண்டைக் கொடுத்து, "படிச்சுப் பழகுங்க, இலவசம்" என்றிருக்கிறார். விளைவு:

டீ சூடாக இருந்தால் — "இந்தத் தேநீர் என் இதழ்களைச் சுட்டெரிக்கிறது!"

முதலாளி பசை டப்பா வாங்கித்தரத் தாமதித்தால் — "என் சினத்தைக் கிளறாதீர்கள்!"

வழியில் நின்ற பைண்டிங் அக்காவிடம் — "விலகிப் போ, பேதைப் பெண்ணே!"

"யாரு பேதை? இருபது வருஷமா ஃபாரம் மடிக்கிறேன், மூணு பிள்ளையக் கட்டிக் குடுத்துட்டேன், நான் பேதையா?" என்று அக்கா மரக்கட்டையைத் தூக்கினாள். அவர் பயந்து நெஞ்சில் கை வைத்து, நாவலில் வருகிற மாதிரியே வணங்கினார். அக்காவுக்கே பாவமாகிவிட்டது.

அவர் ஊரில் பாலைவனம் உண்டாம். கேட்டதிலிருந்து முதலாளிக்கு வாய் ஓயவில்லை.

"உங்க வீட்ல எத்தனை ஒட்டகம்?"

"நாங்கள் நான்காவது மாடி. வாடகை வீடு."

"குதிரை?"

"குதிரை என்றால் எனக்கு அச்சம்."

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். கொடுத்த காசுக்கு வேறு சாமான் வந்துவிட்ட மாதிரி.

ஜூன் 12, புதன்

இன்று பேசினேன்! நானாக. சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவைத் திறந்துகொண்டே, "என் உடலில் அனல் மூண்டுவிட்டது" என்றார். அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என்னை அறியாமல் வார்த்தை வந்துவிட்டது.

"'பசிக்குது'ன்னா போதும்."

அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "இவ்வளவு சின்னதா?" என்று கேட்டார், ஏமாற்றிய கடைக்காரரைப் பற்றிக் கேட்பதைப் போல. பிறகு 'போதும்', 'பரவாயில்ல', 'அப்புறம்', 'சும்மா' எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். 'சும்மா' அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. மூன்று மணிக்கு என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"என்ன வேணும்?"

"சும்மா."

ஜூன் 15, சனி

இந்த மாத நாவல் ஒன்பது பக்கம் குறைகிறது. அத்தையம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு, இனிமேல் சொல்ல முடியாதாம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், எட்டு ஃபாரம் ஒரு புத்தகம். ஒரு பக்கம் குறைந்தாலும் வெள்ளையாகத்தான் போகும். முதலாளி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "படிச்ச பொண்ணுதானே, நிலா, மணல்காத்துன்னு ஏதாவது போட்டு நிரப்பும்மா. அத்தைக்குத் தெரிய வேணாம்."

மணல்காற்று! நான் பார்த்த ஒரே மணல், பக்கத்துத் தெருவில் வீடு கட்டக் கொட்டியது. மூன்று மணிநேரம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்ததைத்தான் எழுத முடிந்தது. ஷேக்குக்கு ஒரு கண்ணாடி மாட்டினேன், காது பக்கம் உடைந்து நூல் கட்டியது. சூடான பசை பட்டு வெந்த இடது கட்டைவிரல். கை துடைத்த துணியை நான்காக மடித்து வைக்கும் பழக்கம். சாப்பிட்ட பாத்திரத்தைத் தானே கழுவி வெயில் பக்கம் கவிழ்த்து வைப்பது. வேலை முடிந்ததும் மெஷினை — கதையில் ஒட்டகத்தை — மெதுவாகத் தட்டி நன்றி சொல்வது.

அவருடைய நீல வேலைச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. அதை மட்டும் எழுதவில்லை. ஷேக் பட்டன் இல்லாமல் திரிந்தால் அம்மாவால் தாங்க முடியாது.

ஜூன் 16, ஞாயிறு

மணலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான் அப்படி எழுதினேன். வேறு காரணம் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

நாவல் வந்துவிட்டது. புது மெஷினில் ஒட்டிய முதல் இதழ். மாலையில் அம்மாவுக்கு வாசித்தேன். என் பக்கங்கள் வந்தபோது குரல் உள்ளே போய்விட்டது.

"என்னடி முணுமுணுக்கிற, சத்தமாப் படி," என்றாள் அம்மா. ஷேக் பாத்திரம் கழுவிய இடத்தில் ஊசியை நிறுத்திவிட்டாள். "பாத்திரம் கழுவுறானா? அவனே கழுவுறானா? மறுபடி படி."

மறுபடி படித்தேன்.

சுவர்ப் பக்கமிருந்து அப்பா குரல் வந்தது. நாவலைப் பற்றி அவர் வாய் திறந்தது இதுவே முதல் தடவை. "கண்ணாடி போட்டவன் ஒட்டகத்துல ஏறினா கண்ணாடி விழுந்துடாதா?"

"நூல் கட்டியிருக்குப்பா."

"ம்."

ஜூலை 6, சனி

பிடிபட்டேன்! அத்தையம்மா இடுப்பில் பெல்ட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

"என் ஷேக்குக்கு யாருடா கண்ணாடி மாட்டினது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். தூண் யாரையும் பார்க்கவில்லை.

"நாற்பது புக்குல என் ஷேக் ஒரு தட்டு நகத்தினது இல்ல. இவ பாத்திரம் தேய்க்க விட்டிருக்கா! அரண்மனையில ஆளே இல்லையா?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். காப்பாற்றியது அன்றைய தபால். இருபத்து மூன்று கடிதம். வழக்கமாக நான்கு வரும். ஒன்றை முதலாளி சத்தமாகப் படித்தார்: 'இந்த ஷேக்கை என் வீட்டுக்காரருக்கு நாலு தடவை வாசித்துக் காட்டினேன். நேற்று ஒரு டம்ளர் கழுவினார்.'

அத்தையம்மா கடிதத்தை வாங்கி மூக்குக்கிட்ட வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். "கண்ணாடி இருந்துட்டுப் போகட்டும்," என்றார். "ஆனா அடுத்த மாசம் குதிரையில ஏத்திடு. இல்லன்னா மரியாதை இல்ல."

குதிரை என்றால் மெஷின்காரருக்கு அச்சம் ஆயிற்றே.

ஜூலை 10, புதன்

இது நடக்கும் என்று ஏன் யோசிக்கவில்லை நான்? அவர் தமிழ் படிப்பதே அந்த நாவல்களில்தானே!

காலையில் என் மேஜைக்கு வந்தார். நாவலைத் திறந்து வைத்தார். அதன்மேல் தன் கண்ணாடியைக் கழற்றி, நூல் கட்டிய பக்கம் தெரியும்படி வைத்தார். அதன் பக்கத்தில் இடது கட்டைவிரலை வைத்தார். போலீஸில் சாட்சி அடுக்குவதுபோல.

"இது நான்?" என்றார்.

நான் எழுந்து தாள் குடோனுக்குள் போய்விட்டேன். அரைமணிநேரம் ரீல்களை எண்ணினேன். பதினேழு. பைண்டிங் அக்கா வந்து, "ஷேக் வாசல்ல நிக்கிறாரு, கண்ணாடியை மறந்து உன் மேஜையிலயே வெச்சிட்டாராம், வழி தெரியாம என்னைப் பாத்து 'முதலாளி'ங்கிறாரு. வெளிய வாடி" என்றாள்.

வெளியே போனேன். கண்ணாடியைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என் அம்மா கேட்கிறார்கள்," என்றார். அவர் அம்மா எங்கள் பக்கத்து சினிமாக்களைத் தன் மொழியில் பார்ப்பவராம். "மழை வந்தால் நீங்கள் எல்லோரும் தெருவில் இறங்கிப் பாடுவீர்களா?"

"மழை வந்தா எங்கம்மா காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடுவாங்க."

"என் அம்மாவும்," என்றார்.

இருவரும் சிரித்தோம். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, மெஷின் பக்கமிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஜூலை 15, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

மெஷின் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. அவருடைய கம்பெனி இங்கேயே சர்வீஸுக்கு ஒரு ஆளை வைக்கப்போகிறதாம், இரண்டு வருடத்துக்கு. வேண்டுமென்றால் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அவர் எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் ஒன்றாம் தேதி விமானம்.

சாப்பாட்டு நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பன்னிரண்டு நாவல்களில் ஷேக்குகள் காதலைச் சொல்லும் இடங்களையெல்லாம் எழுதி வைத்திருந்தார். 'உன் விழிகள் என் பாலைவனத்தின்' என்று தொடங்கினார். நிறுத்தினார். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் இங்க இருக்கட்டுமா?" என்றார்.

அவ்வளவுதான். பிழையே இல்லாத வாக்கியம். திருத்த ஒன்றும் இல்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்தச் சொல்லையும் நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை 17, புதன்

வீட்டில் எப்படிச் சொல்வது? ஷேக் குரலிலும் இளவரசி குரலிலும் முழங்கத் தெரிந்த எனக்கு என் குரலில் ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை.

மாலையில் வாசிக்கும்போது, சும்மா கேட்பதுபோல, "ஏம்மா, நிஜத்துல இப்படி ஒருத்தன் வந்து நின்னா?" என்றேன்.

"வந்தா? வெளக்குமாறுதான் பேசும். ஷேக்கெல்லாம் புக்குக்குள்ள இருந்தாத்தான் அழகு." நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். "வேற ஊரு, வேற சாமி, வேற பாஷை. நாள் முழுக்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் என்னத்தடி பேசுவாங்க? நீ படி."

இதே அம்மாதான் போன வாரம், இளவரசியின் அப்பா திருமணத்துக்குச் சம்மதிக்கவில்லை என்று இரண்டு பட்டனைத் தப்பாகத் தைத்தவள்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஆறு மாடிக்கும் என் முகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிற மனுஷன்.

ஜூலை 20, சனி

அம்மா இரண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கிறாள். இன்று காலையில் சம்பந்தமே இல்லாமல், "கடைசிப் பக்கம் வெறுமையா இருக்கிற புக்கை என்னத்துக்குடி ஒட்டுறீங்க?" என்றாள். எந்தப் புத்தகம் என்றால், "சும்மா கேட்டேன்" என்றாள்.

மாலையில் மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். "காலேஜ் வரைக்கும் படிச்ச, கையெழுத்து மட்டும் கோழி கிளறுன மாதிரி. அச்சு மாதிரி எழுதினா என்னவாம்? படிக்கிறவளுக்குக் கண்ணு வலிக்காதா?"

மளிகைச் சீட்டை அவள் எப்போது படித்தாள்?

ஜூலை 22, திங்கள்

ஐயோ.

இந்தப் புத்தகத்தைத் திறந்தால் பதினொன்றாம் பக்கத்தில் நீல நூல்.

ஜூலை 23, செவ்வாய்

இரவெல்லாம் யோசித்தேன். முதலில் நாவல் என்றுதான் எடுத்திருப்பாள். அட்டையில் ஷேக் இருக்கிறாரே. கடைசிப் பக்கம் வெள்ளை. திருப்பியிருப்பாள், கையெழுத்து. அப்போதே மூடியிருக்கலாம். மூடவில்லை. தெரிந்தேதான் படிக்கிறாள், எழுத்துக் கூட்டிக் கூட்டி, நான் வேலைக்குப் போன பிறகு, ஊசியைக் கீழே வைத்துவிட்டு. வாழ்க்கையில் அம்மா தானாகப் படிக்கும் முதல் முழுப் புத்தகம் இது. அதில் அவளையே விளக்குமாறோடு எழுதி வைத்திருக்கிறேன்!

இன்று நூல் பதினான்கில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று பக்கம். பதினைந்தாம் தேதி எழுதியது இருபதாம் பக்கம். வியாழக்கிழமை அங்கே வந்துவிடுவாள்.

ஒளித்து வைக்கலாம். பீரோவில் பூட்டலாம்.

நூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இனிமேல் எழுத்தை உருட்டி எழுதுகிறேன்.

ஜூலை 25, வியாழன்

நூல் இருபத்திரண்டில். விளக்குமாற்றையும் தாண்டிவிட்டாள்.

மாலையில் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, நடுவில், யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட இருபத்தஞ்சு வருஷமா ஒரே பாஷையிலதான் பேசுறேன். பெருசா என்னத்தப் பேசிட்டோம்?"

சுவர்ப் பக்கம் ஒரு இருமல்.

"நீ படி," என்றாள் என்னிடம்.

ஜூலை 26, வெள்ளி

காலையில் செருப்பு மாட்டும்போது அம்மா வந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். உள்ளே ஒரு பட்டன். கருநீலம், நான்கு ஓட்டை.

"நெறம் சரியா இருக்கான்னு வெச்சுப் பாரு. மேலேர்ந்து ரெண்டாவதுதானே? நீயே தைக்கக் கெளம்பிடாத, உனக்குத் தைக்கத் தெரியாது. சட்டையை எடுத்துக்கிட்டு ஒருநாள் வரச் சொல்லு. நானே தைக்கிறேன்."

பஸ்ஸில் வழி முழுக்கப் பட்டனை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தேன். இறங்கியபோது கையில் நான்கு ஓட்டையும் பதிந்திருந்தது.

அவரிடம் காட்டினேன். நிறம் சரியாக இருந்தது.

"இருங்க," என்றேன்.

அவர் குறிப்பேட்டை எடுக்கவில்லை. அந்தச் சொல் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

ஜூலை 28, ஞாயிறு — பக்கம் 128

அம்மா,

நடுவில் நூறு பக்கத்தைத் தாண்டி இங்கே வந்துவிட்டேன். நீ எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இந்தப் பக்கத்தைத்தானே முதலில் பார்ப்பாய்? எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன், கண் வலிக்காது.

கடைசில சேந்துட்டாங்களான்னு பாக்கத்தானே வந்தே? அவர் நேற்றே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டையோடு வருகிறார். உன்னைப் பார்த்ததும் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டார். 'வணக்கம்மா' போதும் என்றேன். ஆனாலும் பதற்றத்தில் உன்னைப் பேதைப் பெண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட்டதும் தட்டைக் கழுவப் போவார். தடுக்காதே, நீ நிஜமாகவே பார்க்கவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்தது. வாயால கேக்க வராதுன்னுதான் இங்க எழுதுறேன்.

அப்பாகிட்ட நீ சொல்லிடும்மா. அவர் சுவரைப் பாத்துப் படுத்திருக்கும்போது சொல்லு. அப்பத்தான் அவர் நல்லாக் கேப்பார்.